பப்பாளிப் பாலும் ஆமணக்கு விதையும் கொழுப்பைப் பிளக்க மறுத்தால்: மலைப்பகுதிக்கான பிழை நீக்கும் வழிமுறை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், தாவர நொதிகளைக் கொண்டு எண்ணெயைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசரினாகவும் பிளக்கும் சிறு ஆய்வுக்கூடம் ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். திட்டப்பணிக்காகச் சமவெளியிலிருந்து வரும் கல்லூரி மாணவர்களும், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்தில் சோப்பு செய்து விற்கும் சுயஉதவிக் குழுவினரும் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நொதியைப் போட்டோம், ஒரு நாள் முழுக்கக் கலக்கினோம், எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. அதைக் கேட்டவுடன் நொதியின் மேல் பழி போடுவது எளிது. நான் பார்த்த அளவில் நொதி குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு; குளிரும், கலக்கமும், அளவீடும்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே எந்தக் குறையோடு வந்தாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுக்கொள்ள வேண்டும்: நொதி உயிரோடு இருக்கிறதா, அது கொழுப்பைத் தொடுகிறதா, நாம் அளந்த எண் மெய்யானதா.

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. லைப்பேஸ் என்னும் இந்த நொதி நீரில் வாழ்வது. அதன் இரையான கொழுப்போ நீரில் கரையாதது. எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில், நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் மட்டுமே வேலை நடக்கிறது. அந்த எல்லையின் பரப்பைக் கூட்டினால் வேகம் கூடும். எல்லை உறைந்துபோனால் எவ்வளவு நல்ல நொதியும் சும்மா நிற்கும்.

தாவர லைப்பேஸ்களில் தொழிலுக்கு நெருங்கி வந்தவை இரண்டு. முதலாவது ஆமணக்கு விதையில் உள்ளது. முளைக்கும் ஆமணக்கு விதை தன் எண்ணெயைத் தானே பிளந்துகொள்வதை ரெனால்ட்ஸ் கிரீன் என்னும் ஆங்கிலேயத் தாவர உடலியலாளர் 1890-இல் எழுதினார். 1902-இல் ஜெர்மனியில் கான்ஸ்டைன், ஹோயர், வார்டன்பர்க் ஆகிய மூவரும், உறங்கும் விதையை அரைத்துச் சிறிது அமிலம் சேர்த்தாலே அது மற்ற எண்ணெய்களையும் பிளக்கும் என்று காட்டி, அதைத் தொழிற்சாலை முறையாக்கினார்கள். இரண்டாவது பப்பாளிப் பாலில் உள்ளது. பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் இறைச்சியை மென்மையாக்கும் பப்பைன் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். கரையாத துகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு லைப்பேஸும் இருப்பதை அறிந்தவர்கள் குறைவு. இவ்விரண்டில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இன்று பெரிய ஆலைகள் கொழுப்பைப் பிளப்பது ஏறத்தாழ 250 பாகை வெப்பத்திலும் 50 மடங்கு வளிமண்டல அழுத்தத்திலும் ஆகும். அந்தச் சூட்டில் விளக்கெண்ணெயின் ரிசினோலிக் அமிலம் நீரை இழந்து உருமாறும், தன்னோடு தானே பிணைந்தும் கொள்ளும். நொதியோ உடல் சூட்டு அளவிலேயே, அமிலத்தின் அமைப்பைக் குலைக்காமல் அதே வேலையைச் செய்யும். ஆமணக்கு உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

தொடங்குவதற்கு முன் ஓர் ஏற்பாடு வேண்டும். எந்தச் சோதனையையும் ஒற்றைப் பாத்திரத்தில் செய்யாதீர்கள். ஒன்றில் உயிருள்ள நொதி, ஒன்றில் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த அதே நொதி, ஒன்றில் நொதியே இல்லாத எண்ணெயும் நீரும் என மூன்று பாத்திரங்கள் அருகருகே இருக்க வேண்டும். செயலிழக்கச் செய்வதில் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகாததற்கு எது காரணமோ, அதுவே நொதி முழுதாகச் சாகாததற்கும் காரணமாகலாம். திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துவிட்டு "இது செத்த நொதி" என்று எழுதிக்கொள்ளக் கூடாது. பிரஷர் குக்கரில் விசில் வந்தபின் தீயைக் குறைத்துக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள்.

குறி ஒன்று: அமில எண் அசையவே இல்லை

அமில எண் என்பது ஒரு கிராம் கொழுப்பில் விடுபட்டு நிற்கும் அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது; பிளவு கூடக் கூட அது ஏறும். இது அசையாததே அதிகம் வரும் குறை என்பதால் இதில் அதிக நேரம் செலவிடுவது தகும்.

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், அதுவும் அறையின் வெப்பநிலையை அல்ல, எண்ணெயின் வெப்பநிலையை. ஒரு ஜனவரி மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து என் தேங்காய் எண்ணெய் பிளவே இல்லை. வெந்நீர்த் தொட்டியின் தெர்மாமீட்டர் ஒழுங்காக 40 பாகை காட்டியது. பப்பாளித் துகளும் முந்தைய வாரம் நன்றாக வேலை செய்ததுதான். மூன்றாம் நாள் மாலை குடுவையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, தொட்டி நீரின் மட்டத்துக்கு மேலே, கண்ணாடியின் உட்சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை வளையம் ஒட்டியிருந்தது. எண்ணெய் மேலே மிதப்பது. தொட்டி நீரோ ஆவியாகி இறங்கியிருந்தது. குடுவைக்குள் இருந்த நீரும் நொதியும் சூட்டில் இருக்க, எண்ணெய் முழுவதும் குளிர்க் காற்று படும் பகுதியில் உறைந்துபோய் நின்றது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைவது என்பது, எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்க்கும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அது நமக்கு மறந்துவிடுகிறது. அன்றிலிருந்து தொட்டி நீர் குடுவைக்குள் உள்ள எண்ணெயின் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கும்படி வைக்கிறேன். தொட்டியின் மேல் ஒரு மூடியும் இடுகிறேன். இரவில் மின்சாரம் போனாலும் இதே வெள்ளை வளையம் உண்டாகும் என்பதால், காலையில் வந்தவுடன் முதலில் பார்ப்பது குடுவையின் கழுத்தைத்தான்.

எண்ணெய் உருகித்தான் இருக்கிறது என்றால் அடுத்து நொதி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடையிலிருந்து வாங்கிய சுத்திகரித்த பப்பைன் தூளைப் பப்பாளி லைப்பேஸ் என்று எண்ணிப் பயன்படுத்துவது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. நானே ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் "உயர் தூய்மை" என்று எழுதிய தூளை வாங்கி ஏமாந்திருக்கிறேன். அது நல்ல பப்பைன்தான், தேவைக்குப் பொருந்தாத பொருள் என்பதே குறை. பப்பைன் நீரில் கரைவது. சுத்திகரிக்கும்போது கரையாத பகுதியை வடிகட்டி எறிந்துவிடுகிறார்கள். லைப்பேஸோ அந்தக் கரையாத பகுதியோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆகவே பப்பைன் எவ்வளவு தூய்மையோ அவ்வளவுக்கு அதில் லைப்பேஸ் இல்லை. நமக்கு வேண்டியது சுத்திகரிக்காத, உலர்ந்த பச்சைப் பால். அதைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கலக்கி, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, இதை மூன்று முறை செய்தால் பப்பைன் பெரும்பாலும் போய்விடும். அடியில் தங்கும் வெண்மையான துகள்தான் நம் நொதி. பப்பைன் பிரிப்பவர்கள் கழிவென்று கொட்டுவது இதைத்தான் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. ஒரே காயின் பாலிலிருந்து இரண்டு நொதிகளை எடுக்க முடியும். ஒன்று ஏற்கெனவே விலைபோகிறது, மற்றதைச் சாக்கடையில் விடுகிறோம்.

பால் எப்படி உலர்த்தப்பட்டது என்பதும் முக்கியம். பழனி அடிவாரத்திலும் ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் பப்பாளி வைத்திருப்பவர்களிடம் பால் வாங்கினால், வெயிலில் காயவைக்காமல் 50 முதல் 55 பாகைக்குள் நிழல்சூட்டில் உலர்த்தித் தரும்படி கேளுங்கள். பழுப்பேறிய, கருத்த தூள் பெரும்பாலும் அரை உயிரோடுதான் இருக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 ரகம் பால் எடுப்பதற்கென்றே ஏற்றது. கிடைத்தால் அதையே கேளுங்கள். வாங்கிய தூளைக் காற்றுப்புகாத புட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். மலையின் குளிர் தூளைக் காக்கும். மலையின் மூடுபனி அதைக் கெடுக்கும்.

ஆமணக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விதை சூடு கண்டதா? செக்கு ஆலையின் சூடான எக்ஸ்பெல்லரிலிருந்து வந்த புண்ணாக்கில் நொதி எஞ்சியிருக்காது. அவித்தோ வறுத்தோ எடுத்த கொட்டைமுத்தும் பயன்படாது. முளைக்கும் திறனுள்ள, அந்தப் பருவத்து விதைதான் வேண்டும். பத்து விதையை ஈரத்துணியில் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பது செலவில்லாத நல்ல சோதனை. இந்த மலையின் குளிரில் வெளியே வைத்தால் நல்ல விதையும் முளைக்காது என்பதால், அந்தத் துணியை அடுப்பங்கரையில் வையுங்கள்.

கடைசியாகப் பிஎச். இவ்விரு நொதிகளும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. உறங்கும் ஆமணக்கு விதையின் நொதி அமிலத்தை விரும்புவது. 4-க்கும் 5-க்கும் இடையில் அது சிறப்பாக இயங்கும். பப்பாளியின் நொதி காரத்தை விரும்புவது. 8-க்கும் 9-க்கும் இடையில் அதன் உச்சம். ஒன்றுக்கான குறிப்பை வைத்துக்கொண்டு மற்றதைச் செய்து பார்த்து "தாவர லைப்பேஸ் வேலை செய்யாது" என்று முடிவு கட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிஎச் பேப்பரை எண்ணெயில் தொடாமல், அடியில் உள்ள நீரில் தொட்டுப் பாருங்கள்.

குறி இரண்டு: முதலில் நன்றாக ஏறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது

எந்த இடத்தில் நின்றது என்பதே இங்கே துப்பு. அமில எண்ணை அந்த எண்ணெயின் சோப்பாதல் எண்ணால் (ஒரு கிராம் எண்ணெயை முழுதும் சோப்பாக்கத் தேவையான அதே காரத்தின் மில்லிகிராம் அளவு) வகுத்தால் எத்தனை விழுக்காடு பிளந்தது என்பது தோராயமாகத் தெரியும். தேங்காய் எண்ணெய்க்கு இந்தச் சோப்பாதல் எண் 250-க்கும் 264-க்கும் இடையில் இருக்கும். விளக்கெண்ணெய்க்கு 180 சுற்று. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 18 மில்லிலிட்டர் செலவானால், 18-ஐ 0.1-ஆலும் 56.1-ஆலும் பெருக்க, அமில எண் 101 வரும். அதை 257-ஆல் வகுத்தால் 39 விழுக்காடு பிளந்திருக்கிறது.

பப்பாளித் துகளில் இந்த எண் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கி நின்றால், அது பிழையே அன்று. கொழுப்பு மூலக்கூறில் கிளிசரினின் மூன்று கைகளிலும் ஒவ்வொரு கொழுப்பு அமிலம் தொங்குகிறது. பப்பாளி நொதி இரு ஓரக் கைகளைத்தான் அவிழ்க்கும், அதிலும் மூன்றாவது கையையே முதலில் நாடும். நடுக்கையை அது தொடுவதில்லை. நடுவில் இருக்கும் அமிலம் தானாக ஓரத்துக்கு நகர்ந்தால்தான் அது பிளக்கப்படும், அந்த நகர்வோ மெதுவானது. முழுப் பிளவு வேண்டுமானால் பப்பாளி உகந்ததன்று, ஆமணக்கை நாடுங்கள். இதைக் குறையாகப் பார்க்காமல் குணமாகப் பார்த்தால்தான் இந்த நொதியின் தொழில்மதிப்பு புரியும். ஓரத்து அமிலங்களை மட்டும் மாற்றி, நடுவில் இருப்பதைக் காப்பாற்றி, வேண்டிய அமைப்பில் ஒரு கொழுப்பைக் கட்டுவதற்கு இப்படித் தேர்ந்து வெட்டும் கத்திதான் வேண்டும். நீர் மிகக் குறைந்த சூழலில் இதே துகள் பிளப்பதை விட்டுவிட்டு, அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த எஸ்டர்களைக் கட்டவும் செய்கிறது. பழவாசனைப் பொருள்கள் செய்வதற்கும், கோகோ வெண்ணெய்க்கு மாற்றான கொழுப்பு அமைப்பதற்கும் இதை ஆராய்ந்திருப்பது அதனால்தான். மேலும், இயற்கையே அதைக் கரையாத துகளின் மேல் பொருத்தித் தந்திருப்பதால், மற்ற நொதிகளைப் போலப் பணம் செலவிட்டுப் பிசின் மணிகளில் ஒட்டவைக்க வேண்டியதில்லை. வடிகட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். சலவைத்தூளுக்கான லைப்பேஸ் 1988 முதல் பூஞ்சை மரபணுவைக் கொண்டு பெருந்தொட்டிகளில் தயாராகிறது. அந்தக் களத்தில் பப்பாளி போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றில் இரண்டு பங்குக்கு வெகு முன்னதாகவே நின்றுவிட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். பாமாயிலில் இப்படி நின்றால் பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் கிளறிப் பாருங்கள். ரேஷன் பாமாயில் 35 பாகையில் தெளிவாக ஓடும். அதிலிருந்து பிரியும் அமிலங்களின் கலவையோ அதைவிடக் கூடிய சூட்டிலேயே உறையத் தொடங்கும். ஆகவே வினை முன்னேற முன்னேற, விளைபொருளே மெழுகாகி நொதித் துகளைச் சுற்றி மூடிக்கொள்கிறது. நொதி தன் வெற்றியிலேயே புதைந்துபோகும் நிலை இது. பப்பாளித் துகள் சூடு தாங்கும் என்பதால் பாமாயிலுக்கு 50 பாகை வரை ஏற்றலாம். ஆமணக்கு நொதி 40-ஐத் தாண்டினாலே தளரத் தொடங்குவதால் அதைப் பாமாயிலுக்குத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். உறையாத விளக்கெண்ணெயோடோ நல்லெண்ணெயோடோ கலந்து செய்யுங்கள்.

பப்பாளியில் இன்னொன்றும் நடக்கும். பிளவு முன்னேறும்போது வெளிப்படும் அமிலம் பிஎச்-ஐக் கீழே இழுக்கும், 8.5-இல் தொடங்கியது ஒரு மணி நேரத்தில் 6-க்கு இறங்கியிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை நீர்த்த காரம் சில மில்லிலிட்டர் விட்டு உயர்த்துங்கள். சிறிது கால்சியம் குளோரைடு சேர்ப்பது பிரிந்த அமிலத்தைக் கால்சியம் சோப்பாக்கி எல்லைப்பரப்பிலிருந்து விலக்கிவைக்கும். ஆனால் இந்த இரண்டையும் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சோப்பாக மாறிய அமிலம் அமில எண்ணில் தெரியாது. பிளவு நடந்துகொண்டே இருக்கும், எண் மட்டும் நின்றதுபோல் காட்டும். மாதிரியை எடுத்தவுடன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நன்றாக அமிலமாக்கி, மேலே மிதக்கும் கொழுப்பை வெதுவெதுப்பான நீரில் அமிலம் முற்றும் நீங்கும்வரை கழுவி, ஈரம் போக்கிய பிறகே தரம்பார்க்க (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளக்க) வேண்டும். நின்றுபோனதாகச் சொல்லப்பட்ட சோதனைகளில் பல இந்த ஒரு படியில் மறுபடி உயிர்பெற்றிருக்கின்றன.

இவை எதுவுமே இல்லையென்றால் கிளிசரின் தேங்கியிருக்கலாம். இது திரும்பும் வினை. அடியில் உள்ள நீரை வடித்துவிட்டுப் புது நீர் ஊற்றினால் வினை மீண்டும் நகரும்.

குறி மூன்று: நொதி இல்லாத பாத்திரத்திலும் எண் ஏறுகிறது

மூன்று பாத்திர ஏற்பாட்டின் பயன் இங்கேதான் தெரியும். செயலிழந்த நொதி உள்ள பாத்திரத்தில் தொடக்கத்திலேயே எண் கூடுதலாக இருந்து, அதன்பின் மாறாமல் நின்றால், தூளோடு வந்த அமிலம் அது. பப்பாளிப் பால் கருக்காமலிருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பது வழக்கம். அது காரத்தை உண்ணும். மூன்று முறை கழுவிய துகளில் இந்தத் தொல்லை இருக்காது.

தொடக்கத்தில் ஒழுங்காக இருந்து இரண்டாம், மூன்றாம் நாளில் மூன்று பாத்திரங்களிலும் எண் ஏறினால், உள்ளே நுண்ணுயிர் புகுந்துவிட்டது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் சொந்த லைப்பேஸ் உண்டு, 37 பாகையும் புரதமும் அவற்றுக்கு விருந்து. மூன்றாம் நாள் திடீரென்று "அருமையான பலன்" கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஐயப்படுவது இதைத்தான். பாத்திரங்களைக் குக்கரில் வைத்துச் சுத்தமாக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ஆமணக்கில் இன்னொரு கணக்கும் உண்டு: விதையின் எடையில் பாதியளவு எண்ணெய்தான், அதுவும் சேர்ந்தே பிளக்கும். நீங்கள் ஊற்றிய எண்ணெய் மட்டும்தான் பிளந்தது என்று எண்ணிக் கணக்கிட்டால் விழுக்காடு மிகையாக வரும்.

இந்த இடத்தில் நெல் தவிட்டை நினைத்துக்கொள்வது உதவும். அரிசி ஆலையில் தீட்டியவுடன் தவிட்டைச் சூடேற்றி நிலைப்படுத்தாவிட்டால், அதன் சொந்த லைப்பேஸ் சில நாள்களிலேயே எண்ணெயைச் சமையலுக்கு ஆகாததாக்கிவிடும். யாரும் சேர்க்காமலே, கலக்காமலே, ஒரு தாவர நொதி இவ்வளவு வேலை செய்வதை நம் ஆலைக்காரர்கள் தினமும் இழப்பாகக் காண்கிறார்கள்.

குறி நான்கு: தரம்பார்க்கும்போது இளஞ்சிவப்பு நிற்பதில்லை

அமிலம் தீர்ந்து காரம் மிகும்போது நிறம் காட்டும் பினாப்தலினின் இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நின்றால் போதும்; அதற்குப் பிறகு மங்குவதைத் துரத்திக்கொண்டு காரத்தை ஊற்றக் கூடாது. அரை நிமிடத்துக்குள்ளேயே மங்கினால், குளிர்ந்த ஆல்கஹாலில் கொழுப்பு முழுதாகக் கரையாமல் குடுவையின் அடியில் வெண்துகளாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலையில் இதுவே வழக்கமான காரணம். ஆல்கஹாலை வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கி, நேரடித் தீயில் ஒருபோதும் வைக்காமல், மாதிரியைக் கரைத்துச் சூட்டோடேயே தரம்பாருங்கள். பயன்படுத்தும் ஆல்கஹாலையும் முன்கூட்டியே ஒரு துளி இளஞ்சிவப்பு வரும்வரை காரத்தால் நடுநிலையாக்கிவிட வேண்டும்.

குறி ஐந்து: எல்லாம் தயிர்போல் கெட்டியாகிப் பிரிய மறுக்கிறது

எல்லையின் பரப்பைக் கூட்ட வேண்டும், அதாவது எண்ணெய் நுண்துளிகளாக நீரில் பரவிய நல்ல பால்மம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அதையே குறையாகச் சொல்வது முரணாகத் தோன்றலாம். வினையின்போது பால்மம் வேண்டும், முடிந்தபின் அது கலைய வேண்டும். கருவேலம் பிசினை மிகையாகச் சேர்த்தவர்களுக்கும், மிக்சியில் அரைத்தவர்களுக்கும் இந்தத் தொல்லை வரும். மிக்சி நுரையை எழுப்பும், நுரையின் காற்றெல்லையில் நொதி விரிந்து செயலிழக்கும். சீரான கலக்கியே போதும். ஆமணக்கு முறையைத் தொழிற்சாலையில் நடத்தியவர்கள், வினை முடிந்ததும் 80 பாகைக்குச் சூடாக்கிச் சிறிது நீர்த்த கந்தக அமிலம் விட்டு அசையாமல் நிறுத்திவைத்தார்கள். மேலே கொழுப்பு அமிலமும், அடியில் கிளிசரின் நீரும், நடுவே கலங்கலான ஓர் அடுக்குமாகப் பிரிந்தது. நாமும் அதையே செய்யலாம், ஆனால் பாத்திரத்தைப் போர்வை சுற்றி வைத்துச் சூடு மெல்ல இறங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே திறந்து வைத்தால் பிரிவதற்கு முன் குளிர்ந்து உறைந்துவிடும்.

பப்பாளித் துகளை மறுபடி பயன்படுத்த நினைப்பவர்கள் சூடேற்றுவதற்கு முன்பே துணியில் வடித்து எடுத்துவிடுங்கள்.

குறி ஆறு: ஆட்டு வாடை அடிக்கிறது

தேங்காய் எண்ணெயில் இது கெட்டதன் அடையாளமன்று. அதில் சிறிதளவு உள்ள எட்டுக் கார்பன், பத்துக் கார்பன் அமிலங்கள் விடுபட்டால் ஆட்டுக்கிடை வாடையே வரும். பப்பாளி நொதி குறுகிய சங்கிலிகளை விரும்புவதால் இந்த வாடை முதலிலேயே எழும். வாடை வந்தால் வினை தொடங்கிவிட்டது என்று மகிழலாம். பழைய பலகாரத்தில் வரும் காறல் வாடை வேறு. அது காற்றால் உண்டான ஆக்சிஜனேற்றம், நொதிக்கு அதில் தொடர்பில்லை.

குறி ஏழு: தும்மல், கண் எரிச்சல், தோலில் அரிப்பு

இந்தக் குறி தென்பட்டால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். பப்பாளிப் பால் தோலை அரிக்கும், அதன் தூள் மூச்சில் ஏறினால் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆமணக்கு அதைவிடக் கடுமையானது. விதையில் ரிசின் என்னும் கொடிய நச்சுப்புரதமும், ஆஸ்துமாவைத் தூண்டும் ஒவ்வாமைப் புரதமும் இருக்கின்றன. உலர்ந்த விதையைத் தூளாக அரைக்கவே கூடாது. எண்ணெயும் நீரும் சேர்த்து ஈரமாகவே அரைக்க வேண்டும், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சமையலுக்குப் பயன்படாத தனிப் பாத்திரத்தில். ரிசின் எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே கொழுப்பு அமிலம் மேலே தெளிந்து நின்றாலும், அடியில் உள்ள கிளிசரின் நீரோடு நச்சு தங்கியிருக்கும் என்று கொள்ள வேண்டும். அந்தக் கிளிசரினைச் சோப்பிலோ தோலில் பூசும் எதிலுமோ சேர்க்காதீர்கள். சக்கையை மாட்டுக்குப் போடாதீர்கள். எல்லாவற்றையும் குக்கரில் நீண்ட நேரம் ஈரச்சூட்டில் வைத்த பிறகே புதையுங்கள். பள்ளி மாணவர்களுக்கும் வீட்டில் சோப்பு செய்பவர்களுக்கும் நான் ஆமணக்கைப் பரிந்துரைப்பதே இல்லை. பப்பாளியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். ஆமணக்கு நொதி தொழிலில் மீண்டும் நிலைபெற வேண்டுமானால், விதையை அரைப்பதை விட்டு, நொதியின் மரபணுவை மட்டும் எடுத்து நச்சில்லாத வேறோர் உயிரியில் உருவாக்குவதே வழி. அந்த மரபணு 2004-இலேயே பிரித்தறியப்பட்டுவிட்டது.

குறி எட்டு: குடுவையில் நடந்தது அண்டாவில் நடக்கவில்லை

அரை லிட்டரில் 20 மணி நேரத்தில் முடிந்தது, 50 லிட்டரில் இரண்டு நாளாகியும் பாதிகூடப் பிளக்கவில்லை என்று தாண்டிக்குடிக் குழுவினர் சொன்னபோது, அவர்கள் அண்டாவை எப்படிச் சூடாக்கினார்கள் என்றுதான் கேட்டேன். உறைந்த எண்ணெய், நீர், நொதி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கேஸ் அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். தெர்மாமீட்டர் நடுவில் 40 காட்டும் நேரத்தில் அடித்தகடு அதைவிடப் பல மடங்கு சுட்டிருக்கும். துகள் கனமானது, அடியில்தான் படியும், ஆகவே நொதி முழுவதும் தகட்டின் மேல் வெந்துபோயிருக்கிறது. அண்டாவைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் பழுப்பு நிறத்தில் ஓர் ஏடு ஒட்டியிருந்ததாகவும் சொன்னார்கள்.

எண்ணெயையும் நீரையும் தனித்தனியே 42 பாகைக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து அண்டாவை இறக்கி, இரண்டையும் சேர்த்துக் கலக்கிய பிறகே நொதியைப் போடுங்கள். அண்டா சிறு குடுவையைவிடச் சூட்டை நெடுநேரம் காக்கும் என்பதால், சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கனத்த மூடி போட்டுவைத்தால் வெளியே பத்துப் பாகை குளிரிலும் இரவெல்லாம் இதம் நிற்கும். காலையில் 32-க்குக் கீழே இறங்கியிருந்தால் அடுப்பில் ஏற்றாமல், ஐந்தில் ஒரு பங்கு நீரை வடித்து அதே அளவு 60 பாகை வெந்நீரைக் கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். தேங்கிய கிளிசரினில் ஒரு பகுதியும் அதோடு வெளியேறும். கலக்கும் தண்டின் அலகு அண்டாவின் அடியைத் தொட்டும் தொடாமலும் சுழல வேண்டும். மேல்மட்டத்தில் மட்டும் சுழன்றால் எண்ணெய் ஆடும், துகள் தூங்கும்.